பஞ்சுச் சிங்கத்துக்காக ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

பழைய சிறுவர் தொடர்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பேசும் விலங்குகள் வாழும் நார்னியா என்ற கற்பனை நாட்டுக் கதையை வைத்து பிபிசி 1988 இல் எடுத்த தொடருக்கு அதில் ஒரே ஒரு பத்தி. அதுவும் கேலியிலேயே முடிந்துவிட்டது. சிங்கம் பஞ்சடைத்த பொம்மையாம், பீவர்கள் என்ற நீர்விலங்குகள் கம்பளி போர்த்திய மனிதர்களாம், பறக்கும் பூதங்கள் வெறும் கோட்டுச் சித்திரங்களாம். ஒன்றும் பொய்யில்லை. ஆனால் மூன்றையும் ஒரே கூடைக்குள் போட்டுச் சிரித்ததுதான் எனக்கு உறுத்தியது. அந்தக் கூடையிலிருந்து சிங்கத்தை மட்டும் வெளியே எடுத்து வைக்கலாமே என்று எழுதுகிறேன்.

முதல் ஒளிபரப்பிலேயே அதைப் பார்த்தவள் நான். யாழ்ப்பாணத்திலிருந்து லண்டனுக்கு வந்து இரண்டு வருடங்கள் ஆகியிருந்தன. எனக்குப் பதினொரு வயது, தம்பிக்கு ஆறு. ஈஸ்ட்ஹாமில் ஒரு கடைக்கு மேலே இரண்டு அறைகளில் குடியிருந்தோம். தொலைக்காட்சிப் பெட்டி வாடகைக்கு எடுத்தது. 1988 நவம்பர் 13 இல் தொடங்கி டிசம்பர் 18 வரை ஆறு ஞாயிற்றுக்கிழமைகள். நவம்பரில் அங்கே நாலரைக்கே இருட்டிவிடும். அம்மா தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்து எங்களோடு இருப்பார். அவருக்கு அப்போது ஆங்கிலம் பிடிபடவில்லை, நான்தான் சொல்ல வேண்டும். "அலுமாரிக்குள்ளால வேற உலகத்துக்குப் போகினம்" என்றேன். "இங்க இருக்கிற குளிர் காணாதெண்டு அங்கயும் பனிக்குள்ளயோ போகினம்?" என்று கேட்டார்.

குண்டுவீச்சுக்குப் பயந்து லண்டனிலிருந்து நாட்டுப்புறத்துக்கு அனுப்பப்பட்ட நான்கு பிள்ளைகளோடுதான் நாவலாசிரியர் சி. எஸ். லூயிஸின் கதை தொடங்குகிறது. அதைச் சொன்னதும் அம்மா சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. போர்க்காலத்தில் அப்படி வந்த பிள்ளைகளை ஆக்ஸ்போர்டில் தம்முடைய வீட்டிலேயே லூயிஸ் தங்கவைத்திருந்தார் என்று பல வருடங்கள் கழித்துத்தான் படித்தேன். நார்னியாவை ஆளும் சூனியக்காரி அந்த நால்வரில் ஒருவனான எட்மண்டுக்குக் கொடுத்து மயக்கும் அந்தத் துருக்கி இனிப்பை விளக்குவதில் எனக்குச் சிரமம் இருக்கவில்லை. மஸ்கட் மாதிரி என்றேன், விளங்கிவிட்டது. மஸ்கட்டுக்காகக் கூடப்பிறந்தவர்களைக் காட்டிக்கொடுப்பானா என்பதுதான் அம்மாவின் சந்தேகம்.

சரி, சிங்கத்துக்கு வருவோம். கதையைத் தொலைக்காட்சியில் எடுக்கும் யோசனையை லூயிஸே எதிர்த்தவர் என்று உங்கள் கட்டுரையாளர் குறிப்பிட்டிருந்தார். உண்மைதான். 1959 டிசம்பரில் பிபிசியின் வானொலித் தயாரிப்பாளர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் அவர் அதைச் சொல்கிறார். வானொலியில் அவருக்கு ஆட்சேபம் இல்லை. தொலைக்காட்சி மட்டும் வேண்டாம். பேசும் விலங்குகளை எழுத்திலிருந்து எடுத்துக் கண்முன் நிறுத்தினால் ஒன்று கோமாளித்தனமாகும், இல்லாவிட்டால் பயங்கரக் கனவாகும் என்பது அவர் வாதம். மனிதன் வேடம் கட்டி அஸ்லான் என்ற அந்தச் சிங்கமாக வருவது அவருக்குத் தெய்வ நிந்தனையாகவே பட்டது. அதே கடிதத்தில் இன்னொன்றும் இருக்கிறது. கட்டுரையாளர் அதைச் சொல்லாமல் விட்டுவிட்டார். கார்ட்டூன் என்றால் அது வேறு விஷயம் என்கிறார் லூயிஸ். வால்ட் டிஸ்னியின் மேதைமையோடு அந்த ரசனைக் குறைவும் சேர்ந்து வராமல் இருந்திருந்தால் என்று ஒரு பெருமூச்சும் விடுகிறார்.

லூயிஸ் 1963 இல் இறந்தார். நான்கே வருடங்களில், 1967 இல், ஐடிவி அலைவரிசையில் பத்துப் பகுதிகளாக ஒரு கறுப்பு வெள்ளைத் தொடர் வந்தது. அதில் ஒரு நடிகர்தான் சிங்க வேடம் கட்டி நடித்தார். எதை வேண்டாம் என்றாரோ அதுவே நடந்தது. அந்தத் தொடரில் பெரும்பகுதி இப்போது இல்லை, அழிந்துவிட்டது.

பிபிசிக்காரர்கள் 1988 இல் வேறு வழி தேடினார்கள். ஆளுயரத்துக்குப் பெரிய சிங்கப் பொம்மை ஒன்றைச் செய்து அதற்குள் இரண்டு பேரை இறக்கினார்கள். முகத்தை அசைக்க இயந்திர வேலைப்பாடு. குரல் மட்டும் ரொனால்ட் பிக்கப் என்ற நடிகருடையது. அந்தச் சிங்கம் ஓடாது. நடக்கும்போதும் முழங்கால் வலிக்காரர் படியிறங்குவது போலத்தான் நடக்கும். தம்பி அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறான், நானும் சிரித்தேன். ஆனால் எட்மண்டுக்குப் பதிலாகச் சிங்கம் சூனியக்காரியின் கையால் சாகும் கல்மேசைக் காட்சி வந்தபோது வீட்டில் ஒருவரும் சிரிக்கவில்லை. அங்கே சிங்கம் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. எதிர்க்காமல் கிடக்க வேண்டும், கட்ட விட வேண்டும். அசையத் தெரியாத அந்தப் பொம்மைக்கு அதைவிடப் பொருத்தமான காட்சி கிடைத்திருக்காது. பிறகு இரண்டு சிறுமிகளும் அந்தப் பிடரிக்குள் முகம் புதைத்து அழுகிறார்கள். நடித்த பிள்ளைகளுக்கு முகம் புதைக்க உண்மையிலேயே ஒரு பிடரி இருந்தது. சுமார் 18 கோடி டாலர் செலவில் 2005 இல் வந்த படத்தில் சிங்கத்தின் ஒவ்வொரு மயிரும் தனித்தனியே அசைகிறது. கெட்டிக்கார வேலைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சிங்கத்துக்காக எனக்கு அழுகை வரவில்லை. நாற்பதை எட்டும் வயதில் பார்த்தால் எப்படி வரும் என்று என் மகள் கேட்கிறாள். அதிலும் நியாயம் இருக்கிறது.

அப்புறம் அந்தக் கார்ட்டூன். சிறகு முளைத்த பூதங்களையும் பறக்கும் குதிரையையும் நேராகக் காட்ட வசதி இல்லாமல் கையால் வரைந்து படத்தின் மேல் ஒட்டினார்கள். தொடரிலேயே சகிக்க முடியாத இடம் அதுதான். நடிகர் ஒரு பக்கம் உயிரோடு நிற்க, மறுபக்கம் சாயம் பூசிய காகிதம் போல ஒன்று படபடக்கும். ஆறு வயதுத் தம்பிக்கே அது பிடிக்கவில்லை. லூயிஸ் வேண்டாம் என்ற சிங்கம் தேறிவிட்டது, அவர் பரவாயில்லை என்ற கார்ட்டூன் தோற்றது. முழுப்படமும் கார்ட்டூனாக வருவதைத்தான் அவர் நினைத்திருப்பார், இப்படித் துண்டு துண்டாக ஒட்டுவதை அல்ல. இருந்தாலும் இந்த வேடிக்கையை உங்கள் கட்டுரையாளர் கவனித்திருக்கலாம்.

பீவர்கள் விஷயத்தில் லூயிஸ் சொன்னதே பலித்தது. கோமாளித்தனம் என்ற சொல்லுக்கு அவர்கள் இருவரும் சரியான உதாரணம். ஆனாலும் திருமதி பீவரை என்னால் முழுதாகக் கைவிட முடியாது. பிறகு நாவலை வாங்கி அம்மாவுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வாசித்தேன். சூனியக்காரியின் ஆட்கள் வருகிறார்கள், வீட்டை விட்டு ஓட வேண்டும். எல்லோரும் பதறும்போது திருமதி பீவர் மட்டும் தையல் இயந்திரத்தைக் கொண்டுபோக முடியாதா என்று கேட்கிறார். அம்மா புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டார். அவருடைய தையல் இயந்திரம் யாழ்ப்பாணத்து வீட்டிலேயே நின்றுவிட்டிருந்தது.

சூனியக்காரியாக நடித்த பார்பரா கெல்லர்மன் எல்லா வசனத்தையும் கூரை அதிரக் கத்துவார். அதற்காக நான் பரிந்து பேச வரவில்லை. ஆனால் ஒரு சிறிய நாவலுக்கு அரை மணி அரை மணியாக ஆறு பகுதிகள் ஒதுக்கியதைப் பற்றியும் ஒரு வரி எழுதியிருக்கலாம். ஆட்டுக்கால் மனிதரான டம்னஸின் வீட்டுத் தேநீர் விருந்துக்கு அதில் இடம் இருக்கிறது. எட்மண்ட் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டுப்போவதற்கும் நேரம் இருக்கிறது. போர்க்களம் மட்டும் பாடசாலை விளையாட்டுப் போட்டி அளவுதான். அது பெரிய நட்டமில்லை. நாவலில் சிறுமிகளும் சிங்கமும் வந்து சேரும்போது சண்டை ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது, லூயிஸும் அதை நீட்டாமல் முடித்துவிடுகிறார். கடைசியில் வரும் கோட்டைக்கு வேல்ஸின் மானோபியர் கோட்டையைப் பயன்படுத்தினார்கள், அந்தக் கல்லாவது அசல். ஜெஃப்ரி பர்கனின் இசையும் அசல்தான். இன்றைக்கும் அது தொடங்கினால் எனக்கு வாயில் தேத்தண்ணீர் ருசி வரும்.

ஒரு திருத்தமும் உண்டு. ஏழு நாவல்களையும் பிபிசி எடுத்ததாகக் கட்டுரையில் இருந்தது. நான்கைத்தான் எடுத்தார்கள். 1988, 1989, 1990 என்று மூன்று குளிர்காலங்கள், வருடத்துக்கு ஆறாக மொத்தம் பதினெட்டுப் பகுதிகள். அந்த நான்கில் ஒன்றான இளவரசர் கஸ்பியனின் கதையை இரண்டே பகுதிகளுக்குள் திணித்துவிட்டார்கள். உண்மையான குறை சொல்ல வேண்டுமென்றால் கட்டுரையாளர் அங்கே தொடங்கலாம்.

அவர் மறுபடி பார்ப்பதாக இருந்தால் 1990 இல் வந்த வெள்ளி நாற்காலி என்ற கதையை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். டொக்டர் ஹூ என்ற பிபிசி தொடரில் டொக்டராக ஏழு வருடங்கள் நடித்த டொம் பேக்கர் அதில் பட்டில்க்ளம் என்ற சதுப்பு நிலவாசியாக வருவார். எதற்கும் நல்லது நடக்காது என்று சொல்லிச் சொல்லியே கூட வந்து உதவும் ஆள். எங்கள் ஊர்ப் பெரியப்பாமார் சிலரை நேரில் பார்த்த மாதிரி இருக்கும். அதில் சிங்கம் கொஞ்ச நேரம்தான் வரும், ஆகவே கேலி செய்வதற்கு அவருக்கு அதிகம் கிடைக்காது.

இப்படிக்கு,
ஈஸ்ட்ஹாம் வாசகி,
லண்டன்