இலையுதிர்கால நடை: பெற்றோர்களுக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புடைய பெற்றோர்களுக்கு,

வணக்கம். அக்டோபர் இறுதி முதல் நவம்பர் நடுப்பகுதி வரையிலான ஞாயிற்றுக்கிழமைகளில் நம் தமிழ்ப் பள்ளி வகுப்புகளுள் சிலவற்றை, கேரி வட்டாரத்துக் காட்டுப் பாதைகளில் நடத்துவதென ஆசிரியர்கள் கூடி முடிவு செய்திருக்கிறோம். வட கரோலினாவில் நாம் வாழும் இப்பகுதியில் இலைகள் நிறம் மாறி நிறைவது பெரும்பாலும் அந்த வாரங்களில்தான். பிள்ளைகளை இறக்கிவிட்டுச் செல்லாமல், நீங்களும் உடன் நடக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

முதல் நடை ஹெம்லாக் பிளஃப்ஸ் இயற்கைக் காப்பகத்தில். ஏறத்தாழ 140 ஏக்கர் பரப்புள்ள அந்தக் காட்டில், மேற்கே 200 மைல் தொலைவிலுள்ள மலைகளுக்கே உரிய ஹெம்லாக் என்னும் ஊசியிலை மரங்கள் நிற்கின்றன. பனியுகத்தின் குளிரில் இங்கும் பரவியிருந்த அவை, வெப்பம் கூடியபின் மற்ற இடங்களில் மறைந்துபோக, ஸ்விஃப்ட் க்ரீக் ஓடைக்கு மேலே வடக்கு நோக்கிய சரிவுகளில் மட்டும், வெயில் குறைந்து ஈரமும் குளிர்ச்சியும் நீடிப்பதால் பிழைத்திருக்கின்றன. ஊசியிலையைத் திருப்பிப் பார்த்தால் அடிப்புறத்தில் இரண்டு வெண்கோடுகள் தெரியும். பிள்ளைகளிடம் அதைத் தேடச் சொல்லுங்கள். கிழக்காசியாவிலிருந்து வந்த ஒரு சிறு பூச்சி இந்நாட்டின் கிழக்குப் பகுதியில் ஹெம்லாக் மரங்களைப் பெருமளவில் அழித்துவருவதால், இங்கே நிற்பவற்றை நம் பிள்ளைகள் இப்போதே பார்த்து அறிந்துகொள்ள வேண்டும் என்று மிகவும் விரும்புகிறேன்.

இரண்டாம் நடை அமெரிக்கன் டொபாக்கோ டிரெயிலில். டர்ஹாம் நகரப் புகையிலை ஆலைகளுக்காக ஓடிய ரயிலின் தடத்தில் அமைந்த, 22 மைலுக்கும் நீண்ட அந்தப் பாதையில் ஏற்ற இறக்கம் குறைவு. காப்பகத்தின் மரப்படிகளில் ஏற இயலாத தாத்தா பாட்டியரும் கைக்குழந்தையோடு வருவோரும் இதில் கலந்துகொள்ளலாம். சைக்கிள்கள் வேகமாக வரும். வலப்பக்கமாகவே நடக்கப் பழக்குங்கள்.

இலையின் பச்சையம் சிதையும்போது அதுவரை மறைந்திருந்த மஞ்சள் வெளிப்படுவதையும், மேப்பிளின் சிவப்பு இப்பருவத்தில் புதிதாக உருவாவதையும் ஆசிரியர்கள் தமிழிலேயே விளக்குவார்கள். வகுப்பில் படத்தைக் காட்டிக் கேட்டால் ஒரு சொல்லில் முடிக்கும் பிள்ளைகள், கண்ணெதிரே ஒன்றைக் கண்டதும் வாக்கியம் வாக்கியமாகப் பேசுவதைப் பார்த்திருக்கிறேன். ஆகவே வழியில் அவர்களோடு தமிழில் பேசுங்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் பெரியவர்களை அவசியம் அழைத்து வாருங்கள்.

பாதுகாப்பில் கண்டிப்பாக இருப்போம். மும்மூன்று சிற்றிலைகளாக வளரும் பாய்சன் ஐவி என்னும் நச்சுக்கொடி இப்பருவத்தில் அழகாகச் சிவந்து தொடத் தூண்டும். தொட்டால் தோல் கொப்பளிக்கும். காப்பர்ஹெட் என்னும் நச்சுப் பாம்பு சருகின் நிறத்திலேயே இருப்பதால், பாதையை விட்டு விலகவோ விழுந்த மரங்களுக்கு அடியில் கையை நுழைக்கவோ கூடாது. முழுக்கால் சட்டையும் மூடிய காலணியும் அணிவித்து, வீடு திரும்பியதும் உண்ணி ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பூச்சிகளும் புழுக்களும் சருகுக்கடியில்தான் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. ஆதலால் காப்பகத்திலிருந்து இலை எதையும் எடுத்து வர வேண்டாம், வரைந்துகொள்ள நோட்டும் பென்சிலும் கொடுத்தனுப்புங்கள்.

எந்த நடைக்கு வீட்டிலிருந்து எத்தனை பேர் வருகிறீர்கள் என்பதையும், பிள்ளைக்குத் தேனீக்கடி போன்ற ஒவ்வாமை இருப்பின் அதையும், வரும் வகுப்புக்குள் வகுப்பாசிரியரிடம் எழுதித் தர வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்