எந்தக் கையில் கட்டு?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

படங்களிலும் சீரியல்களிலும் வரும் கன்டினியூட்டி (ஷாட்டுக்கு ஷாட் எல்லாம் மாறாமல் இருப்பது) தவறுகளைப் படம் போட்டுக் காட்டும் உங்கள் ஞாயிறு பகுதியை விடாமல் படிக்கிறேன். சென்ற வாரம், ஒரு ஷாட்டில் மருமகள் காலில் இருந்த மெட்டி அடுத்த ஷாட்டில் இல்லை என்று காட்டி, ‘உதவி இயக்குநர் தூங்கிவிட்டாரா?’ என்று கேட்டிருந்தீர்கள். பதினோரு வருடம் அந்த வேலை பார்த்தவன் என்கிற முறையில் இதை எழுதுகிறேன்.

தூங்க அவருக்கு ஏது நேரம்? கன்டினியூட்டி நோட்டு வைத்திருக்கும் அதே பிள்ளைதான் கிளாப் அடிக்க வேண்டும், வசனம் எடுத்துக் கொடுக்க வேண்டும், மேக்கப் அறைக்கு ஓடி ஆர்ட்டிஸ்டைக் கூட்டி வர வேண்டும். காட்சிகளையும் கதை வரிசைப்படி எடுப்பதில்லை. கூடத்தில் நடப்பவை எந்த வாரத்துக் கதையாக இருந்தாலும் ஒரே நாளில் முடித்துவிடுவார்கள். மாமியாராக நடிப்பவருக்கு மதியம் வரைதான் கால்ஷீட் என்றால், அவருடைய குளோஸப்புகளை முதலில் எடுத்து அனுப்பிவிட்டு, எதிரே நின்ற மருமகளைச் சாயங்காலம் எடுப்பார்கள். அதற்குள் அந்தப் பெண் வேறு காட்சிகளுக்காக இரண்டு முறை சேலை மாற்றியிருப்பார். திரும்பப் பழைய சேலை கட்டி வரும்போது பொட்டின் அளவு, வளையலின் எண்ணிக்கை, தாலிச்சரடு ரவிக்கைக்கு உள்ளேயா வெளியேயா, பூ எந்தப் பக்கம் தொங்கியது, எல்லாம் காலையில் இருந்தபடியே இருக்க வேண்டும்.

இப்போது செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். நான் சேர்ந்தபோது ஃபிலிம் காலம். 400 அடி ரோல் நாலரை நிமிடம் ஓடினால் அதிகம். எங்கள் செட்டில் எடுத்ததை உடனே பார்க்க மானிட்டர் கிடையாது, நோட்டுதான் எல்லாம். ஒரு படத்தில் கதாநாயகியின் அப்பாவுக்குக் கையில் அடிபட்டிருக்கும். வீட்டுக்குள் நடப்பதைச் சென்னையில் எடுத்தோம். அவர் வாசல் தாண்டித் தெருவில் இறங்குவதை மூன்று வாரம் கழித்துப் பொள்ளாச்சியில் எடுத்தோம். என் நோட்டில் ‘கையில் கட்டு’ என்று இருந்தது. எந்தக் கை என்று நான் எழுதவில்லை. வலது கைக் கட்டோடு வாசலுக்கு வந்தவர் இடது கைக் கட்டோடு தெருவில் நடந்தார். எடிட்டர் முக குளோஸப்பை வைத்து முடிந்த மட்டும் மறைத்துக் கொடுத்தார். ஒரு ஷாட்டை மட்டும் நீக்க முடியவில்லை. தியேட்டரில் அது வரும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசையும்.

தெரிந்தே விடுவதும் உண்டு. ‘அபோகலிப்ஸ் நவ்’ என்ற ஹாலிவுட் படத்தின் எடிட்டர்களில் ஒருவரான வால்டர் மர்ச், ஒரு ஷாட்டிலிருந்து அடுத்த ஷாட்டுக்குப் போகும் வெட்டு சரியா என்று பார்க்க ஆறு அளவுகோல் வைத்து மதிப்பெண் போட்டிருக்கிறார். உணர்ச்சிக்கு 51 சதவீதம். யார் எங்கே நிற்கிறார் என்கிற இடத் தொடர்ச்சிக்கு 4. அழுகை நன்றாக அமைந்த டேக்கில் முந்தானை இடம் மாறியிருந்தால் நானும் அந்த டேக்கைத்தான் படத்தில் வைக்கச் சொல்வேன்.

பணத்தைக் கொட்டினாலும் தவறு நேரும். 2019-இல், ராஜா காலத்துக் கதை போன்ற ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ ஆங்கில சீரியலின் கடைசி சீசனில் விருந்து மேஜை மேல் காகித காபி கப் இருந்தது. ஒளிபரப்பான பிறகுதான் எச்பிஓ சேனல் அதைக் காட்சியிலிருந்து அழித்தது. (அது கன்டினியூட்டி தவறு அல்ல, செட்டில் மறந்து வைத்த பொருள். உங்கள் பகுதி இரண்டையும் ஒன்றாகவே போடுகிறது, பிரித்துச் சொல்லுங்கள்.)

எனக்குக் கோபம் வருவது வேறு தவறுக்கு. ஆறு மாதத்துக்கு முன் கதையில் இறந்துபோன தாத்தா போன வாரம் ஊரிலிருந்து வந்தார் என்று வசனம் வைக்கிறார்கள். அது எழுத்தாளர் அறையில் நடந்த தவறு, மெட்டியை விட ஆயிரம் மடங்கு பெரிது. தினமும் நேரம் ஒதுக்கி உட்கார்ந்து பார்க்கும் பெண்களின் ஞாபகத்தை மதிக்காத தவறு. அதை நீங்கள் ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

ஹாலிவுட்டில் ஸ்கிரிப்ட் சூப்பர்வைசர் என்று இதற்கெனவே ஒருவர் உண்டு, டைட்டிலில் பெயரும் வரும். இங்கே பெரும்பாலும் உதவி இயக்குநர் தலையில்தான் விழுகிறது. தினமும் ஒளிபரப்பாகும் சீரியலுக்காவது இதை மட்டும் பார்க்க ஒரு தனி ஆள் வேண்டும், தனிச் சம்பளம் வேண்டும். தயாரிப்பாளர்களிடம் அதைக் கேளுங்கள். நீங்கள் எழுதினால் படிப்பார்கள்.

— முன்னாள் உதவி இயக்குநர்,
சாலிகிராமம், சென்னை - 93.