செவன் சிஸ்டர்ஸ் ஓட்டம்: கிளம்பும் முன் படிக்கவும்

செவன் சிஸ்டர்ஸ் என்பது இங்கிலாந்தின் தென்கடற்கரையில் வரிசையாக நிற்கும் சுண்ணாம்புப் பாறை மேடுகள். ஞாயிறு பாதை: எக்ஸீட்டில் தொடங்கி பர்லிங் கேப், பீச்சி ஹெட் வழியாக ஈஸ்ட்போர்ன். சுமார் 12 கி.மீ. இங்கே பெரும்பாலும் தென்மேற்குக் காற்றுதான். அதனால் மேற்கிலிருந்து கிழக்காக ஓடினால் முதுகில் தள்ளும். திரும்ப பஸ் இருக்கிறது.

பெயர்தான் ஏழு சகோதரிகள், எட்டாவதாக ஒரு மேடும் உண்டு. முதல் ஏற்றத்திலேயே தெம்பைத் தீர்த்துவிடாதீர்கள், நடந்தே ஏறுங்கள். தொடையைப் பதம் பார்ப்பது இறக்கங்கள்தான். குறுகிய அடிகளாக வையுங்கள்.

காய்ந்த சுண்ணாம்புத் தரை சிமென்ட் மாதிரி. நனைந்தால் சோப்பு. மேற்பரப்பு கரைந்து வெள்ளைப் பசையாகி ஷூவின் பற்களுக்கு நடுவே அப்பிக்கொள்ளும்; அதன்பின் 5 மி.மீ. பல் இருந்தும் பிரயோஜனமில்லை. மழை பெய்திருந்தால் பாதையை ஒட்டிய புல்லில் ஓடுங்கள். பசைக்குள் சிக்கிமுக்கிக் கற்கள் நீட்டிக்கொண்டிருக்கும், உடைந்த விளிம்பு கத்திபோல. விழுந்தால் உள்ளங்கை கிழியும்.

விளிம்பில் செல்ஃபி கண்டிப்பாக வேண்டாம். பாறை அடியில் அரிக்கப்பட்டிருப்பது மேலிருந்து தெரியாது. குறைந்தது 5 மீட்டர் தள்ளியே இருங்கள். கடற்கரை வழியாகக் குறுக்கே போகும் யோசனையும் வேண்டாம்; அலை ஏறினால் பாறைச்சுவருக்கும் கடலுக்கும் நடுவே மாட்டிக்கொள்வீர்கள்.

சுண்ணாம்புப் பாறை மழைநீரை உறிஞ்சிவிடும், மேட்டில் ஓடை கிடையாது. ஆளுக்கு 1 லிட்டர் தண்ணீர். மேட்டில் நிழலும் இல்லை, தொப்பி எடுத்து வாருங்கள். ஆடுமாடு மேயும் இடங்களில் நடந்து போங்கள். மூடியிருந்த கேட்டைத் திறந்தால் கடைசியாக வருபவர் மூட வேண்டும்.