கிறிஸ்துமஸ் தாத்தாவைக் கணக்குப்பிள்ளை ஆக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் கிறிஸ்துமஸ் தாத்தாவைப் பற்றி வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். இரவில் தாத்தா வந்து பரிசு வைத்துவிட்டுப் போகிறார் என்று பிள்ளைகளை நம்பவைப்பது பெற்றோர் சொல்லும் முதல் பெரிய பொய் என்றும், உண்மை தெரியவரும் நாளில் பெற்றோர் மீதுள்ள நம்பிக்கையே ஆட்டம் கண்டுவிடும் என்றும், இந்த வழக்கத்தைத் திருச்சபைதான் உலகெங்கும் பரப்பியது என்றும் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். நான் அஞ்சல் துறையில் எழுத்தராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவன். புதுச்சேரியில் பல குடும்பங்களில் இருப்பதைப் போல எங்கள் குடும்பத்திலும் பாதிப் பேர் பிரான்சில் இருக்கிறார்கள். அந்த நாட்டில் கிறிஸ்துமஸ் தாத்தா பட்ட பாட்டை அதனால் ஓரளவு அறிவேன். கட்டுரையில் அது இடம்பெறவில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

நான்காம் நூற்றாண்டில், இன்று துருக்கியில் இருக்கும் மிரா நகரின் ஆயராக இருந்த புனித நிக்கோலாஸின் பெயரிலிருந்தே அமெரிக்கர்களின் சாண்டா கிளாஸ் கிளைத்தார் என்பது உண்மைதான். ஆனால் சிவப்பு அங்கியும் வெள்ளைத் தாடியுமாகக் கடை வாசல்களில் நிற்கும் இந்த உருவம் பிரான்சில் பெருவழக்கானது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு. அதில் அமெரிக்கச் செல்வாக்குக்கும் வணிகர்களின் ஆர்வத்துக்கும் இருந்த பங்கு பெரிது. அங்கிருந்த குருமார் பலருக்கு அது அறவே பிடிக்கவில்லை. 1951 டிசம்பர் 23 அன்று திஜோன் நகரின் பேராலயத்துக்கு முன்னால், ஆலயப் பங்குகளைச் சேர்ந்த சில நூறு பிள்ளைகளின் கண்ணெதிரிலேயே, கிறிஸ்துமஸ் தாத்தாவின் உருவத்தை முதலில் கம்பியழியில் தொங்கவிட்டுப் பிறகு தீயிட்டு எரித்தார்கள். கிறிஸ்து பிறப்பு விழாவைப் பறித்துக்கொண்டவர், அதைப் புறச்சமயக் கொண்டாட்டமாக மாற்றுகிறவர் என்பவை அவர் மீது சாட்டப்பட்ட குற்றங்கள். மறுநாள் மாலையே நகர மன்றக் கட்டடத்தின் கூரை மீது ஒரு கிறிஸ்துமஸ் தாத்தா தோன்றிப் பிள்ளைகளைப் பார்த்துப் பேசினார். அப்போது அந்த நகரத்தின் மேயராக இருந்த ஃபெலிக்ஸ் கிர் தாமே ஒரு குருவானவர் என்பதையும், இந்த வழக்கில் அவர் எந்தப் பக்கமும் சாயாமல் ஒதுங்கிக்கொண்டார் என்பதையும் இங்கே சொல்லாமல் விட மனம் வரவில்லை.

இந்த நிகழ்ச்சியை வைத்தே மானிடவியலாளர் குளோத் லெவி-ஸ்திரோஸ் 1952இல் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். பிள்ளைகள் ஏன் நம்புகிறார்கள் என்ற கேள்வியைவிட, அவர்களை நம்பவைக்கப் பெரியவர்கள் ஏன் இத்தனை பாடுபடுகிறார்கள் என்ற கேள்விதான் அவரை ஈர்த்தது. அமெரிக்காவின் தென்மேற்கில் வாழும் புவேப்லோ மக்களிடையே பெரியவர்கள் முகமூடி அணிந்து, கச்சீனா எனப்படும் முன்னோர்-தெய்வ உருவங்களாக வந்து பிள்ளைகளுக்குப் பரிசும் தருவார்கள், கண்டிக்கவும் செய்வார்கள். முகமூடிக்குள் இருப்பது யார் என்பது குறிப்பிட்ட வயது வரும்வரை பிள்ளைகளிடமிருந்து காக்கப்படும். கிறிஸ்துமஸ் தாத்தாவும் இந்த வகையைச் சேர்ந்தவர்தான், அறிந்தவர்களையும் அறியாதவர்களையும் பிரிக்கிற ஒரு கோடு அவர் என்று லெவி-ஸ்திரோஸ் கருதினார். அப்படியானால் உண்மை தெரியவரும் நாள் பிள்ளை ஏமாந்துபோகும் நாளாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பெரியவர்களின் வரிசையில் அதற்கும் இடம் கிடைக்கும் நாளாகவும் அதைக் கொள்ளலாம். என் பேரப்பிள்ளைகளில் மூத்தவள் விஷயத்தைக் கண்டுபிடித்த ஆண்டு முதல், தம்பிக்கு ஐயம் வராமல் பார்த்துக்கொள்வதை வீட்டில் தனக்குத் தரப்பட்ட பதவியாகவே எடுத்துக்கொண்டாள். பொட்டலம் சுற்றும் தாள் கடைத் தாளாக இருக்கிறதே என்று தன் தாயைக் கடிந்துகொண்டவளும் அவள்தான்.

நம்பிக்கை உடைந்துவிடும் என்ற அச்சத்தைப் பற்றி ஆய்வே நடந்திருக்கிறது. ஆண்டர்சன், பிரென்டிஸ் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள், கிறிஸ்துமஸ் தாத்தாவை நம்புவதை நிறுத்திவிட்ட 52 பிள்ளைகளோடு பேசி 1994இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பெரும்பாலான பிள்ளைகள் ஏழு வயதை ஒட்டித் தாங்களாகவே உண்மையைக் கண்டுபிடித்திருந்தார்கள். அதைப் பற்றி அவர்கள் சொன்னவற்றில் மகிழ்ச்சியே மேலோங்கியிருந்தது. வருத்தப்பட்டவர்கள் பெற்றோர்தாம். 52 பேர் என்பது சிறிய எண்ணிக்கை, அதுவும் ஒரே நாட்டுப் பிள்ளைகள் என்று கட்டுரையாளர் மறுக்கக்கூடும், மறுக்கலாம். ஆனால் தம் பக்கத்துக்கு அவர் சான்று எதையும் காட்டவில்லை.

இனி என் தொழிலுக்கு வருகிறேன். பெறுநரைக் கண்டுபிடிக்க முடியாத, அனுப்பியவர் யார் என்றும் உறையில் எழுதப்படாத கடிதம் நம் நாட்டில் ஆர்.எல்.ஓ. என்று நாங்கள் அழைக்கும் அலுவலகத்துக்குப் போய்ச் சேரும். பிறர் கடிதத்தைப் பிரித்துப் பார்க்கும் அதிகாரம் அங்குள்ளவர்களுக்கு உண்டு; கவுன்டரில் இருக்கும் எங்களுக்குக் கிடையாது. எல்லா நாட்டு அஞ்சல் துறைக்கும் இந்தச் சிக்கல் உண்டு. கிறிஸ்துமஸ் தாத்தாவின் பெயருக்குப் பிள்ளைகள் எழுதிப் பெட்டியில் போடும் கடிதங்களை என்ன செய்வது என்று ஒவ்வொரு நாடும் ஒரு கட்டத்தில் யோசித்தே ஆக வேண்டியிருந்தது. அமெரிக்காவில் 1912இல் அஞ்சல் துறைத் தலைவர் ஃபிராங்க் ஹிட்ச்காக், ஊழியர்களும் பொதுமக்களும் அந்தக் கடிதங்களைப் படித்துப் பதில் எழுதலாம் என்று இசைவு அளித்தார். கனடா அந்தத் தாத்தாவுக்குத் தனி அஞ்சல் குறியீடே ஒதுக்கியிருக்கிறது.

பிரான்சில் இதற்கு ஒரு செயலகமே தொடங்கப்பட்டது 1962இல், புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்த அதே ஆண்டில். அஞ்சல் துறை அமைச்சராக இருந்த ஜாக் மரெத் அதைத் தொடங்கினார். பிள்ளைகளுக்கு அனுப்ப வேண்டிய முதல் பதிலை எழுதித் தருமாறு தம் அக்காவிடம் கேட்டார். அந்த அக்கா ஃபிரான்சுவாஸ் தோல்தோ, குழந்தைகளின் மனத்தை ஆராய்ந்த மருத்துவராகப் பிரான்ஸ் முழுவதும் பின்னாளில் பெயர் பெற்றவர். 1967இல் செயலகம் பாரிஸிலிருந்து போர்தோவுக்கு அருகிலுள்ள லிபூர்ன் நகருக்கு மாறியது. முகவரி தேறாத கடிதங்களைப் பிரித்துத் தேடும் அலுவலகம் அங்கே இருந்ததுதான் காரணம்; எங்கள் ஆர்.எல்.ஓ.வின் பிரெஞ்சு உடன்பிறப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். உறை மீது வட துருவம் என்றோ வானம் என்றோ பிள்ளை எதை எழுதியிருந்தாலும் கடிதம் லிபூர்னுக்குப் போய்ச் சேரும். நவம்பர் தொடங்கிக் கிறிஸ்துமஸ் வரை சுமார் 60 பேர் அங்கே அமர்ந்து வேலை செய்கிறார்கள். ஒரு பருவத்தில் வந்து குவியும் கடிதங்கள் பத்து லட்சத்தைத் தாண்டுகின்றன. தன் முகவரியை எழுதிய பிள்ளைக்குப் பதில் உண்டு. என் பேரனுக்கு வந்த பதிலைப் படம் எடுத்து எனக்கு அனுப்பியிருந்தார்கள். முத்திரை தெளிவாக விழுந்திருக்கிறதா என்று முதலில் பார்த்தது என் பழைய பழக்கம்.

தோல்தோ எழுதிய அந்த முதல் பதில் சில வரிகள்தான். கடிதம் கிடைத்ததில் தாத்தாவுக்கு மகிழ்ச்சி. தபால்காரர் கெட்டிக்காரர், எப்படியோ தேடிக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டார். தாத்தாவுக்கு நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. நீ கேட்டதைக் கொண்டுவர முடியுமா என்று தெரியவில்லை, முயன்று பார்க்கிறேன். ஆனால் எனக்கு மிகவும் வயதாகிவிட்டது, சில நேரம் தவறு செய்துவிடுகிறேன், நீதான் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று அது போகிறது. சமர்த்தாக இரு, நன்றாகப் படி என்று கடைசியில் ஒரு வரியும் உண்டு. ஆனால் அப்படி இருந்தால்தான் பரிசு என்று எங்கும் இல்லை. வேலை இல்லாத தகப்பனின் வீட்டில், கேட்ட மிதிவண்டிக்குப் பதில் ஒரு ஆரஞ்சுப் பழம் மட்டும் பரிசுக்காக இரவில் வைத்த காலணிக்குள் இருந்தால், அந்தப் பிள்ளை தன் நடத்தையில் என்ன குறை என்று தேடத் தொடங்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு மிதிவண்டி வந்திருந்தால் தேடல் இன்னும் கடுமையாகும். அந்தப் பழியைப் பிள்ளையின் தலையிலிருந்து இறக்கித் தாத்தாவின் முதுமை மீது போட்டுவிட்டார் தோல்தோ. அரசு அலுவலகங்களிலிருந்து வெளிவந்த கடிதங்களில் இதைப் போல யோசித்து எழுதிய ஒன்றை நான் வேறெங்கும் கண்டதில்லை; அரசுக் கடிதங்களோடு புழங்கியே தலை நரைத்தவன் சொல்கிறேன்.

கட்டுரையாளர் கவலைப்பட்டிருக்க வேண்டிய இடம் இது. தாத்தா இருக்கிறாரா இல்லையா என்பதை ஏழு வயதுப் பிள்ளை தானே தீர்த்துக்கொள்ளும். ஆனால் அவர் ஆண்டு முழுவதும் பேரேடு வைத்து, நல்ல பிள்ளை, கெட்ட பிள்ளை என்று பற்று வரவு எழுதுகிறார் என்று நாம் சொல்லிவைத்தால், ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அது ஆண்டுதோறும் வரும் தீர்ப்பாகிவிடுகிறது. தாத்தா இல்லை என்று தெரிந்த பிறகும் அந்தத் தீர்ப்பு தந்த வலி மனத்திலிருந்து போகுமா என்பது ஐயமே. அல்சாஸ், லொரேன் பகுதிகளில் டிசம்பர் 6 அன்று புனித நிக்கோலாஸோடு சாட்டை ஏந்திய ஒரு துணையும் வருவதுண்டு. அடம்பிடிக்கும் பிள்ளைக்கு அவர். அவரையாவது பார்த்தவுடனே பயமுறுத்த வந்தவர் என்று தெரிந்துவிடும். சிரித்த முகத்தோடு பேரேடு வைத்திருப்பவரிடம் அந்த வெளிப்படைகூட இல்லை.

நம் ஊர்களில் கேரல் ரவுண்ட்ஸில் ஆடிக்கொண்டு வரும் கிறிஸ்துமஸ் தாத்தா இந்தக் கணக்கு எதையும் பார்ப்பதில்லை. முகமூடிக்குள் இருப்பவர் பங்கு இளைஞர் மன்றத்து அண்ணன்தான் என்பதைப் பிள்ளைகள் அவருடைய செருப்பைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுகிறார்கள். கண்டுபிடித்த பிறகும் அவர் கையைப் பிடித்துக் குலுக்க முண்டியடிக்கிறார்கள். அள்ளித் தரும் மிட்டாய் இந்து வீட்டுப் பிள்ளைக்கும் இஸ்லாமிய வீட்டுப் பிள்ளைக்கும் சேர்த்துத்தான். யாரையும் நிறுத்தி எதையும் கேட்பதில்லை. அண்மைக் காலமாகப் பள்ளி விழாக்களிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் வாடகைக்கு வரும் தாத்தாக்கள்தாம், மேடையில் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு ஒலிபெருக்கியில், இந்த ஆண்டு நீ நல்ல பிள்ளையாக இருந்தாயா, அம்மா சொன்னதைக் கேட்டாயா, எத்தனையாவது ரேங்க் என்று விசாரிக்கிறார்கள்.

இதைத் தங்களுக்கு எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதே ஞாயிறு இணைப்பின் கடைசிப் பக்கத்தில், பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் கிறிஸ்துமஸ் தாத்தாவுக்குக் கடிதம் எழுதி அனுப்பலாம், தேர்ந்தெடுக்கப்படும் கடிதங்களுக்குப் பரிசு உண்டு என்று ஒரு போட்டி அறிவித்திருக்கிறீர்கள். முதல் நிபந்தனையாக, இந்த ஆண்டு நீங்கள் செய்த மூன்று நற்செயல்களைக் கடிதத்தில் குறிப்பிட வேண்டும் என்று இருக்கிறது. கடைசி நாளுக்கு இன்னும் இரண்டு வாரம் இருப்பதால், அந்த நிபந்தனையை நீக்கி மறு அறிவிப்பு வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். பரிசு சிலருக்கு மட்டும் என்பது போட்டியின் இயல்பு, அதில் எனக்கு வழக்கு இல்லை. ஆனால் தன் முகவரியோடு எழுதிய ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அஞ்சலட்டையாவது பதிலாகப் போக வேண்டும். எழுத ஆள் இல்லை என்றால், புதுச்சேரிக் கடிதங்கள் வரை நானும் ஓய்வுபெற்ற நண்பர்கள் சிலரும் எழுதித் தரத் தயாராக இருக்கிறோம். முகவரிகளை மட்டும் அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர்,
புதுச்சேரி.