மேற்குப் பால்கனியிலிருந்து செடிகளை உள்ளே எடு

ஸ்ரீரங்கம்,
சித்திரை 25.

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம். நேற்று நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். பீஸ் லில்லி மடக்கிய குடையைப் போலத் தொட்டியின் விளிம்பில் சாய்ந்து கிடக்கிறது. காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றியும் இப்படி ஆகிவிட்டதே என்று போனில் நீ வருத்தப்பட்டாய். போனில் சொன்னால் பாதி காதில் விழும், மீதி உன் குக்கர் சத்தத்தில் போய்விடும் என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன். தில்லி மயூர் விஹாரின் அந்த மூன்றாம் மாடி வீட்டில் இருபத்திரண்டு கோடைகளை அந்தத் தொட்டிகளோடு கழித்தவள் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்.

முதலில் அந்தப் பீஸ் லில்லிக்கு இன்னும் தண்ணீர் ஊற்றாதே. தாகத்தால் சாய்ந்த செடியும் வேர் அழுகிச் சாய்ந்த செடியும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். இலையைப் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஆள்காட்டி விரலை இரண்டாவது கணு வரை மண்ணில் நுழைத்துப் பார். அங்கே ஈரம் இருந்தும் இலை சாய்ந்திருந்தால் மாலை வரை காத்திரு. நண்பகலில் இலைகள் ஆவியாக விடும் நீரை வேர்களால் அதே வேகத்தில் மேலே அனுப்ப முடியாமல் செடி துவளும், பிறகு வெயில் தணிந்ததும் தானாகவே நிமிர்ந்துகொள்ளும். மறுநாள் விடியற்காலையிலும் நிமிராமல், மண்ணும் ஈரமாகவே இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். சூடான மண்ணில் வேருக்குக் காற்று அதிகம் தேவைப்படும். அந்த நேரத்தில் நாம் இரண்டு வேளையும் தண்ணீர் ஊற்றி மண்ணின் இடுக்குகளை அடைத்துவிட்டால், அது மூச்சு முட்டி அழுகும். தில்லிக் கோடையில் தாகத்தால் செத்த செடிகளைவிடப் பாசத்தால் செத்த செடிகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன், அவற்றில் பல என் கையாலேயே செத்தவை.

நம் ஊர்க் கணக்கில் அக்னி நட்சத்திரம் தொடங்கி நான்கு நாள் ஆகிறது, வைகாசி 14 வந்தால் முடிந்துவிடும். சூரியன் ரோகிணியின் முதல் பாதத்தைத் தாண்டியதும் நாம் அப்பாடா என்று மூச்சுவிடுவோம். எதிர்வீட்டு ஆன்ட்டியைக் கேட்டுப் பார், சூரியன் ரோகிணியில் நுழையும் மே 25 வாக்கில்தான் வட இந்தியக் கணக்கில் நௌதபா என்னும் ஒன்பது நாள் வெப்பமே ஆரம்பம் என்பார். ஆகவே நம் பஞ்சாங்கத்தைப் பார்த்துச் செடிகளை வெளியே எடுத்துவிடாதே. ஜூன் கடைசியில் மழை வரும்வரை அவை உள்ளேயே இருக்கட்டும்.

உள்ளே என்றால் எங்கே என்பதுதான் அடுத்த கேள்வி. இதை நான் புரிந்துகொள்ளவே சில ஆண்டுகள் ஆயின. டிசம்பரில் நாம் பாய் போட்டு வெயில் காயும் தெற்குப் பால்கனி இருக்கிறதே, அது மே, ஜூன் மாதங்களில் கிட்டத்தட்ட நிழல்தான். சூரியன் அப்போது நண்பகலில் ஏறக்குறைய தலைக்கு நேர் மேலே வந்துவிடுவதால் மாடித் தளமே குடையாகிவிடுகிறது. மேற்குப் பால்கனியோ மதியம் ஒரு மணியிலிருந்து அடுப்பு. வடக்கு ஜன்னல் எப்போதும் பாதுகாப்பு என்று நினைத்துத்தான் ஒரு ஜூனில் உன் பீஸ் லில்லியின் தாய்ச் செடியை அங்கே வைத்தேன். கோடையில் சூரியன் மேற்கில் மறைவதில்லை, வடமேற்கில் போய் மறைகிறது. ஐந்தரை மணிக்குச் சாய்ந்து நுழைந்த வெயில் ஒரே வாரத்தில் இலைகளில் அப்பளம் பொரிந்தது போல வெளிறிய திட்டுகளைப் போட்டுவிட்டது. எனவே வடக்கு ஜன்னலில் வைப்பதானால் மாலையில் திரையை இழுத்துவிடு. மற்றபடி மணி பிளாண்ட், பீஸ் லில்லி, அரேகா பனை மூன்றும் தெற்குப் பால்கனிக் கதவுக்கு உட்புறம், கண்ணாடியை ஒட்டாமல் இரண்டடி தள்ளி இருக்கட்டும். பாம்புக் கற்றாழையை எங்கே வைத்தாலும் கோபித்துக்கொள்ளாது. கறிவேப்பிலை மட்டும் வெளியே நிற்கலாம், அதற்கு வெயில் வேண்டும்.

அந்தக் கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டிகளை மேற்கில் ஒருநாளும் வைக்காதே. 2024 மே 29 அன்று தில்லியின் சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 46.8 டிகிரி பதிவானது நினைவிருக்கும். அந்த வாரம் பால்கனிக் கம்பியைத் தொட முடியவில்லை. அரேகா ஏன் வாடுகிறது என்று மண்ணோடு கவிழ்த்து எடுத்துப் பார்த்தேன். சுவரை ஒட்டி நிழலில் இருந்த பக்கத்து வேர்கள் வெள்ளை நூலாக இருந்தன. வெயில் பட்ட பக்கத்து வேர்கள் பழுப்பாகி, விரலால் இழுத்தால் தோல் உரிந்து கையோடு வந்தது. மண்தொட்டி அப்படிச் செய்யாது. பானைத் தண்ணீர் குளிர்வது போலவே அதன் சுவர் கசிந்து ஆவியாகி உள்மண்ணைக் குளிர்விக்கும். அதனால் அதற்குத் தண்ணீரும் கொஞ்சம் கூடுதலாகத் தேவைப்படும்.

தண்ணீரை விடியற்காலையில், விரல் காய்ந்த மண்ணைத் தொட்டால் மட்டும், அடித்துளை வழியே ஒழுகும்வரை நிதானமாக ஊற்று. மண் இறுகித் தொட்டியை விட்டு விலகியிருந்தால் நீ ஊற்றுவதெல்லாம் ஓரத்து இடைவெளி வழியே ஓடி ஒழுகிவிடும், நடுவில் மண் பொட்டலமாகக் காய்ந்தே கிடக்கும். அப்போது தொட்டியை அரைமணி நேரம் வாளித் தண்ணீரில் உட்கார வைத்து எடு. மாடித் தொட்டியிலிருந்து பகலில் குழாயில் வருவது வெந்நீர் என்பது உனக்கே தெரியும், ஆகவே முந்தின இரவே இரண்டு வாளி பிடித்து வைத்துவிடு. குடிநீர் சுத்திகரிக்கும் ஆர்ஓ இயந்திரம் கழித்துவிடும் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று நீ செடிக்கு ஊற்றுவதாகச் சொன்னாய். நல்ல எண்ணம்தான், ஆனால் அதில் உப்பு செறிந்திருக்கும், அதை வைத்துத் தரையைத் துடை. ஏர்கூலர் தொட்டியின் அடியில் தங்கும் தண்ணீரும் அதே ரகம். ஏசியிலிருந்து சொட்டுகிறதே, அது உப்பில்லாத தண்ணீர், அதைப் பிடித்துத் தாராளமாக ஊற்று. மண்மேல் வெள்ளையாக உப்புப் படிவு தெரிந்தால் மேல்மண்ணைச் சுரண்டி எறிந்துவிடு. அடித்தட்டில் தேங்கும் தண்ணீரை அன்றன்றே கொட்டு, இல்லாவிட்டால் டெங்குக் கொசு முட்டையிடும்.

கூலர் ஓடும் அறை செடிகளுக்குச் சொர்க்கம், அந்தக் காற்றில் ஈரம் இருக்கிறது. ஏசி காற்றோ ஈரத்தை உறிஞ்சிவிடுவதால், அது நேராகப் படும் இடத்தில் அரேகாவின் நுனிகள் கருகும். ஸ்பிரே பாட்டிலில் நீர் தெளிப்பது பற்றிக் கேட்டாய். லூ என்னும் அனல் காற்று வீசும் நாளில் அந்த ஈரம் பத்து நிமிடம்கூட நிற்காது; அது நம் மன ஆறுதலுக்கே தவிரச் செடிக்கு அல்ல. தொட்டிகளை நெருக்கமாகச் சேர்த்து வைப்பது அதைவிடப் பயன் தரும். இலையின் அடிப்பக்கத்தை மட்டும் வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடை. தூசியும் போகும், வறண்ட சூட்டில் பெருகும் சிலந்திப் பேன் ஒட்டடை கட்டியிருந்தால் அதுவும் கண்ணில் படும். பட்டால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெய், இரண்டு சொட்டு சோப்பு நீர் கலந்து மாலையில் தெளி. வெயிலில் தெளித்தால் இலை கருகும். உரம் போடுவது, தொட்டி மாற்றுவது எல்லாம் மழைக்குப் பிறகு.

இனி நீ பத்து நாள் இங்கே வரும் விஷயம். காவலாளியிடம் சாவி கொடுத்துத் தண்ணீர் ஊற்றச் சொல்லாதே, அவரும் பாசத்தோடு ஊற்றிவிடுவார். சிவன் கோயில்களில் இந்த நாட்களில் லிங்கத்துக்கு மேலே தாராபாத்திரம் கட்டிச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழச் செய்வார்கள் அல்லவா, நானும் ஏறக்குறைய அதையே செய்வேன். பரணில் அப்பாவின் பழைய பருத்தி வேட்டி இருக்கிறது; அதை இரண்டு விரல் அகலப் பட்டைகளாகக் கிழித்து முறுக்கி, நன்றாக நனைத்து, ஒரு முனையை முக்காலி மேல் தண்ணீர் நிரப்பி வைத்த வாளிக்குள் அடிவரை இறக்கி, மறுமுனையைத் தொட்டி மண்ணில் மூன்று அங்குல ஆழத்தில் புதைத்துவிடு. வாளியை மூடி வை. துணிக்குத் துணி ஓட்டம் மாறும் என்பதால் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே வைத்துப் பார்த்துவிடு. தட்டில் தண்ணீர் வழிந்தால் பட்டையை மெல்லியதாக்கு. எல்லாத் தொட்டிகளும் ஜன்னல் உள்ள குளியலறையில் ஒன்றாக நிற்கட்டும்.

புறப்படும் அன்று மணி பிளாண்டில் கணுவோடு நான்கு துண்டு வெட்டி, ஈரத்துணியில் சுற்றிப் பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்து வா. இங்கே சமையலறை ஜன்னலில் அப்பா இப்போதே பாட்டிலைக் கழுவித் தண்ணீர் நிரப்பி வைத்துவிட்டார்.

அன்புடன்,
அம்மா.