பொறுமையைப் பற்றி எங்களுக்கு வகுப்பெடுக்க வேண்டாம்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன வாரம் வணிகப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். கடனை வாங்கி வடக்கே ஒரு கம்பெனியை விலைக்கு எடுத்து, அதன் நஷ்டத்தையும் சேர்த்துச் சுமக்கும் கம்பெனியைப் பற்றியது. அதில் எனக்கும் கொஞ்சம் பங்கு உண்டு. பெயர் எதற்கு, உங்களுக்குத் தெரியாததா? சிறு முதலீட்டாளர்கள் பொறுமை காக்க வேண்டும் என்று முடித்திருக்கிறார் உங்கள் கட்டுரையாளர். ரொம்ப நல்லது. பச்சைத் தேயிலைக்கு மாசாமாசம் பேக்டரிக்காரர் என்ன விலை போடுவாரோ என்று காத்திருக்கும் கோத்தகிரிக்காரனுக்குப் பொறுமையைச் சொல்லித்தர ஆள் கிடைத்துவிட்டது.

2008 டிசம்பர் 16 அன்று சத்யம் என்ற மென்பொருள் கம்பெனி, தன் தலைவரின் குடும்பத்தார் நடத்திய மேட்டாஸ் கம்பெனிகளை வாங்கப்போவதாக அறிவித்தது உங்களுக்கு நினைவிருக்கும். அமெரிக்காவில் பங்கு விலை விழுந்து பெரிய முதலீட்டாளர்கள் கத்தினார்கள், சில மணி நேரத்தில் சத்யம் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. மூன்றே வாரத்தில், ஜனவரி 7 அன்று, கணக்கே பொய் என்று தலைவர் கடிதம் எழுதினார். அன்றைக்கு எல்லாரும் பொறுமை காத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கட்டுரையாளரைக் கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்கள்.

நம் ஊர்க் கதையும் இருக்கிறது. 1926இல் கரூரில் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கியில், 2020 செப்டம்பரில் பங்குதாரர்கள் ஏழு இயக்குநர்களை ஓட்டுப்போட்டு அனுப்பினார்கள். நவம்பர் 17 அன்று வங்கியிலிருந்து பணம் எடுக்கக் கட்டுப்பாடு போட்ட உத்தரவும், சிங்கப்பூரைச் சேர்ந்த டிபிஎஸ் வங்கியோடு இணைக்கும் வரைவும் ஒன்றாக வந்தன. கருத்துச் சொல்ல 20ஆம் தேதி வரை அவகாசம், 27ஆம் தேதி இணைப்பே முடிந்துவிட்டது. டெபாசிட் போட்டவர்கள் பிழைத்தார்கள், அது சரி. பங்கு வைத்திருந்தவர்களுக்குப் பைசா கிடையாது. அவர்களும் பொறுமையாகத்தான் இருந்தார்கள்.

என் விஷயத்துக்கு வருகிறேன். முன்பெல்லாம் ஆண்டுக் கூட்டத்துக்கு விடியக்காலை பஸ் பிடித்துக் கீழே இறங்குவேன். ஒரு ஸ்வீட், ஒரு மிக்சர் பொட்டலம் தருவார்கள், ஆனால் சேர்மனின் முகத்தைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டுவிட்டு வரலாம். கொரோனாவுக்குப் பிறகு எல்லாம் வீடியோவில்தான். இந்த முறை பேசுவதற்கு முன்பதிவு செய்து, வாங்கிய கம்பெனிக்கு அதன் சொத்து மதிப்புக்கு மேல் கொடுத்து, குட்வில் என்று கணக்கில் ஏற்றிய தொகையை இரண்டே வருஷத்தில் ஏன் நஷ்டத்தில் எழுதினீர்கள் என்று கேட்கத் தாளில் எழுதி வைத்திருந்தேன். எனக்கு முன்னால் பேசியவர் சேர்மன் ஐயாவின் தொலைநோக்கைப் புகழ்ந்து, பேலன்ஸ் ஷீட்டின் அட்டைப்படம் பிரமாதம் என்று முடித்தார். என் பெயரைக் கூப்பிட்டார்கள். வெளியே மழை, சிக்னல் போய்ப் போய் வந்தது. ‘ஐயா, அன்மியூட் பண்ணுங்க’ என்று ஒரு குரல், அப்புறம் ‘அடுத்த பங்குதாரர்’. எழுத்துமூலம் பதில் வரும் என்றார்கள், வரவில்லை. (அட்டைப்படத்தில் எங்கள் ஊர் மாதிரியே ஒரு தேயிலைத் தோட்டம், இத்தனைக்கும் கம்பெனிக்கும் தேயிலைக்கும் சம்பந்தமே இல்லை.)

அப்பா பெயரில் இருந்த காகிதப் பங்குகளை என் பெயருக்கு மாற்றப் போனால் கையெழுத்து ஒத்துவரவில்லை என்று படிவம் திரும்பி வருகிறது. செத்துப்போனவர் இனி எப்படித் திருத்திப் போடுவார்? ஏழு வருஷம் டிவிடெண்ட் வாங்காமல் விட்டால் பங்கே அரசாங்க நிதிக்குப் போய்விடும், அதற்கு மட்டும் தேதி தவறுவதில்லை.

இப்போது அந்த நஷ்டக் கம்பெனியை எங்கள் கம்பெனியோடு இணைக்கப் போகிறார்களாம். தீர்ப்பாயத்தில் ஆட்சேபம் சொல்ல 10 சதவீதப் பங்கு கையில் இருக்க வேண்டும் என்கிறது 2013 கம்பெனிச் சட்டத்தின் 230ஆம் பிரிவு. கோத்தகிரியிலும் குன்னூரிலும் பங்கு வைத்திருக்கும் அத்தனை பேரும் சேர்ந்தாலும் அதில் கால்வாசி தேறாது. எங்களுக்கு மிச்சம் இருப்பது ஓட்டு ஒன்றுதான்.

அதனால் ஒரே ஒரு கோரிக்கை. இ-வோட்டிங், அதாவது கூட்டத்துக்கு முன்பே இணையத்தில் ஓட்டுப்போடுவது, பற்றிய அறிவிப்பைத் தமிழ்ப் பத்திரிகையிலும் போட வேண்டும் என்பது விதி, உங்கள் பத்திரிகையிலும் வருகிறது. ஆனால் டெண்டர் விளம்பரங்களுக்கு நடுவில், எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்தில் வருகிறது. கூட்டத்துக்கு முந்தின நாள் மாலை 5 மணியோடு அந்த ஓட்டு முடிகிறது, நான் பூதக்கண்ணாடி தேடி எடுப்பதற்குள் அது தாண்டிவிடும். எந்தக் கம்பெனிக்கு எந்தத் தேதி வரை ஓட்டு என்று திங்கட்கிழமைதோறும் வணிகப் பக்கத்தில் நாலு வரி போடுங்கள். இடம் இல்லையென்றால் அந்தக் கட்டுரையாளரின் பத்தியில் நாலு வரி குறைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர்,
கோத்தகிரி