சிம்ஸ் பள்ளிப் பலகையைக் காத்தவர்களுக்கு

வர்ஜீனியாவில் ஹாம்ப்டனிலும் பக்கத்து ஊர்களிலும் இருக்கும் நம்மவர்களுக்கு வணக்கம். வாய்க்காலில் விழுந்து கிடந்த சிம்ஸ் பள்ளியின் சாலையோர வரலாற்றுப் பலகை இப்போது பத்திரமாக இருக்கிறது. நடந்தது உங்களுக்கே தெரியும், மறுபடி எழுத மனசு வரவில்லை. இப்போதுதான் நிம்மதியாக மூச்சு விடுகிறேன், அந்தக் கையோடு நன்றியைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில், சாலையோரம் புல் வெட்ட வந்த அந்தப் பெரியவருக்கு. பலகை வாய்க்காலில் குப்புறக் கிடந்தது. கண்டும் காணாமல் போயிருக்கலாம், அது அவர் வேலையே இல்லை. இயந்திரத்தை நிறுத்திவிட்டு இறங்கி வந்து, என்னோடு சேர்ந்து தூக்கி மேட்டில் வைத்தார். குடிக்க வைத்திருந்த தண்ணீரை ஊற்றிக் கழுவினார். புடைத்த எழுத்துகளின் இடுக்கிலெல்லாம் சேறு. ஒரு குச்சியை ஒடித்து ஒவ்வோர் எழுத்தாகச் சுரண்டினார். 1634 என்ற எண் தெளிந்ததும், "இவ்வளவு பழசா?" என்று கேட்டார்.

தெரிந்ததைச் சொன்னேன். பெஞ்சமின் சிம்ஸ் அந்த ஆண்டு எழுதிய உயிலில் 200 ஏக்கர் நிலத்தையும் எட்டுக் கறவை மாடுகளையும் ஒரு இலவசப் பள்ளிக்காக விட்டுப்போனார். மாடுகள் பெருகியதும் சிலவற்றை விற்றுப் பள்ளிக்கூடம் கட்ட வேண்டும் என்பது அவர் ஏற்பாடு. 1649-ல் அச்சான ஒரு குறிப்பில் நல்ல கட்டடமும் நாற்பது கறவைகளும் இருந்ததாக வருகிறது. எட்டு நாற்பதானதைக் கேட்டுப் பெரியவர் வாய்விட்டுச் சிரித்தார்.

அப்புறம் ஈட்டன் கதை. தாமஸ் ஈட்டன் என்ற மருத்துவர் 1659-ல் இன்னொரு இலவசப் பள்ளிக்கு 500 ஏக்கர் எழுதிவைத்தார். அந்தப் பத்திரத்தில் மாடு, பன்றிகளோடு இரண்டு அடிமைகளும் சொத்தாகச் சேர்த்தி. பெரியவர் கறுப்பினத்தவர். அவரிடம் இதைச் சொல்லத் தயங்கினேன், ஆனாலும் மறைக்கக் கூடாது என்று பட்டது. கொஞ்ச நேரம் பேசவில்லை. "அதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்" என்றார். சொல்லிவிட்டு மிச்ச எழுத்துகளையும் சுத்தம் செய்து முடித்த பிறகுதான் எழுந்தார்.

லாரி கொடுத்தவர், கிடங்கில் இடம் விட்டவர், அதிகாரிகளுக்கு விடாமல் போன் போட்ட அக்காமார், கயிறும் போர்வையும் கொண்டு ஓடிவந்த மாணவர்கள், எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. நீங்கள் இல்லாவிட்டால் பலகை பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும்.

இனி நம் வார இறுதித் தமிழ் வகுப்பில் புதிதாகச் சேரும் பிள்ளைகளை அந்தப் பலகைக்கு முன் கூட்டிப்போவேன். எட்டு மாடுகளைப் பற்றிச் சொல்லும் வாயால் அந்த இரண்டு மனிதர்களைப் பற்றியும் சொல்வேன். பெரியவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். கம்பம் நட்டதும் முதல் ஞாயிற்றுக்கிழமை போகிறோம், அவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். கார் உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.